திரும்பி வரும் ராக்கெட்டும் பாலக்கோடு தக்காளி கிரேடும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டுவிட்டு வந்து நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் ராக்கெட் ஒன்று நின்ற வாக்கில் தரையிறங்கும் வீடியோவைப் பகிர்ந்திருந்தேன். அதற்குக் கீழே என் பழைய மாணவர் ஒருவர் கருத்து எழுதியிருந்தார். ஓசூரில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறார். "சார், உலகத்திலேயே மலிவா ராக்கெட் விடறது நம்ம இஸ்ரோதான். அப்புறம் எதுக்கு அதைத் திருப்பிக் கொண்டுவரணும்? ஒரே ராக்கெட்டைத் திரும்பத் திரும்ப விட்டா, புதுசு செய்யறவனுக்கு வேலை என்ன ஆகும்? என் பையன் பத்தாவது முடிக்கிறான், ஐ.டி.ஐ.யில சேர்த்து இஸ்ரோ மாதிரி இடத்துக்கு அனுப்பலாம்னு இருந்தேன். இந்த வீடியோவைப் பார்த்தா பயமா இருக்கு" என்று எழுதியிருந்தார்.

கேள்வி நியாயமானது. கமெண்ட் பெட்டியில் இரண்டு வரியில் பதில் சொல்ல முடியாது என்பதால் தனிப் பதிவாக எழுதுகிறேன்.

முதலில் மலிவு என்கிற பெருமையைப் பார்ப்போம். 2024 நவம்பர் 19ஆம் தேதி நள்ளிரவு ஜிசாட்-என்2 என்ற நம்முடைய தகவல் தொடர்பு செயற்கைக்கோள் விண்ணுக்குப் போனது. எடை 4,700 கிலோ. நம்முடைய மிகப் பெரிய ராக்கெட்டான எல்.வி.எம்.3 அந்தச் சுற்றுப்பாதைக்குச் சுமார் 4,000 கிலோதான் தூக்கும். அதனால் அமெரிக்காவின் கேப் கனாவரலில் இருந்து ஸ்பேஸ் எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 9 ராக்கெட்டில், கட்டணம் கட்டி அனுப்பினோம். செய்தியில் எல்லோரும் கவனித்தது இவ்வளவுதான். நான் கவனித்தது வேறு. அந்த ராக்கெட்டின் கீழ்ப்பகுதி, அதாவது பூஸ்டர், அன்றைக்குப் பறந்தது 19ஆவது முறை. நம் செயற்கைக்கோளை ஏற்றிவிட்டு, கடலில் நின்ற கப்பலின் மேல் பத்திரமாக வந்து இறங்கி, அடுத்த சவாரிக்குத் தயாராகிவிட்டது.

ஏற்கெனவே 18 முறை ஓடிய வண்டிக்கு நாம் வாடகை கொடுத்தோம் என்பதில் எனக்கு வருத்தமில்லை. லாரி வாடகைக்கு எடுப்பவன் வண்டி எத்தனை டிரிப் ஓடியது என்றா கேட்கிறான்? நம்மிடம் அப்படி ஒரு வண்டி இல்லையே என்பதுதான் வருத்தம்.

மலிவு என்று நாம் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் அந்த மலிவு பெரும்பாலும் நம் பொறியாளர்களின் சம்பளத்தில் இருந்தும் அவர்களுடைய சிக்கனத்தில் இருந்தும் வந்தது. ஒவ்வொரு முறையும் ராக்கெட்டின் கீழ்ப்பகுதி முழுவதும் வங்கக் கடலில் விழுந்து மூழ்கிக்கொண்டிருக்கும்போது, இதற்கு மேல் எவ்வளவுதான் சிக்கனம் பிடிக்க முடியும்? ஃபால்கன் 9 ராக்கெட்டின் செலவில் ஏறத்தாழ 60 சதவீதம் அந்தக் கீழ்ப்பகுதிக்கு ஆவதாக எலான் மஸ்க் சொல்லியிருக்கிறார். அதைத்தான் அவர்கள் திருப்பி எடுக்கிறார்கள். 2015 டிசம்பரில் முதல்முறையாகத் தரையிறக்கினார்கள். 2017 மார்ச்சில் ஒரு முறை பறந்த பூஸ்டரை மறுபடி பறக்கவிட்டார்கள். இன்று ஒரே பூஸ்டர் 30 முறைக்கு மேல் பறந்துவிட்டது. 2025 நவம்பரில் ஜெஃப் பெசோஸின் ப்ளூ ஆரிஜின் நிறுவனமும் தன் பெரிய ராக்கெட்டின் பூஸ்டரைக் கப்பலில் இறக்கிவிட்டது.

"அப்படியென்றால் நம் ராக்கெட்டுக்கும் நாலு கால் வைத்து இறக்க வேண்டியதுதானே சார்?" என்று ஒருவர் கேட்பார். அங்கேதான் சிக்கல். பி.எஸ்.எல்.வி.யின் முதல் கட்டமும், எல்.வி.எம்.3இன் இரு பக்கமும் நிற்கும் பெரிய பூஸ்டர்களும் திட எரிபொருளில் ஓடுபவை. தீபாவளி ராக்கெட் மாதிரிதான். திரியைப் பற்றவைத்தால் மருந்து தீரும் வரை எரியும். நடுவில் நிறுத்தவும் முடியாது, மறுபடி பற்றவைக்கவும் முடியாது. திரும்பி வந்து இறங்க வேண்டிய ராக்கெட்டுக்கு நிறுத்தத் தெரிய வேண்டும், மறுபடி பற்றத் தெரிய வேண்டும், தரைக்குப் பக்கத்தில் வந்ததும் வேகத்தைக் குறைக்கத் தெரிய வேண்டும். திரவ எரிபொருள் என்ஜினால்தான் அது முடியும்.

நம்மூரில் இதற்கான வேலை நடக்காமல் இல்லை. திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் 2025 ஜனவரி 17 அன்று விகாஸ் என்ஜினை 60 விநாடி எரித்து, நிறுத்தி, 120 விநாடி கழித்து மறுபடி பற்றவைத்து 7 விநாடி ஓட்டிப் பார்த்தார்கள். பத்திரிகையில் மூலையில் வந்த செய்தி. எனக்கு அது நிலவில் இறங்கிய செய்திக்குக் குறைவானதாகத் தெரியவில்லை.

இன்னொன்று புஷ்பக். கர்நாடகத்தில், சித்ரதுர்கா பக்கம் உள்ள ஓடுதளத்தில் நடந்த சோதனை. சினூக் ஹெலிகாப்டரில் நாலரை கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்கிப்போய் விட்டுவிடுவார்கள். இறக்கை வைத்த அந்த வாகனம் ஆள் இல்லாமல், தானே வழி கண்டுபிடித்து, மணிக்கு 320 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் வந்து ஓடுதளத்தில் இறங்கும். 2023 ஏப்ரல், 2024 மார்ச், 2024 ஜூன் என்று மூன்று முறையும் வெற்றி. இரண்டாம் முறை இறங்கிய அதே உடலையும் கருவிகளையும் மாற்றாமல் மூன்றாம் முறையும் பயன்படுத்தினார்கள். பள்ளியில் இருந்திருந்தால் இந்த வீடியோவை ஒன்பதாம் வகுப்புக்கு நியூட்டன் விதி நடத்தும்போது போட்டுக் காட்டியிருப்பேன். இப்போது பணியில் உள்ள ஆசிரிய நண்பர்கள் காட்டுங்கள்.

(ராக்கெட் என்றால் நமக்கு ஏதோ தூரத்து விஷயம் என்று நினைக்க வேண்டாம். 1792 வரை நம் பாரமகால் திப்பு சுல்தானின் மைசூர் ராஜ்யத்தில் இருந்தது. இரும்புக் குழாயில் மருந்து அடைத்த மைசூர் ராக்கெட்டுகளைப் பார்த்துத்தான் இங்கிலாந்தில் காங்கிரீவ் தன் ராக்கெட்டைச் செய்தார். அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.)

இனி மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். திருப்பி எடுப்பது எப்போதும் லாபம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளி ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். பிளாஸ்டிக் கிரேடில் போகிறது. கிரேடு திரும்பி வர வேண்டும். வரும்போது லாரியில் இடத்தை அடைக்கும். கழுவ வேண்டும், உடைந்ததைப் பொறுக்க வேண்டும், எண்ணிப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். தினமும் லோடு போகிறவருக்கு இது கட்டுப்படியாகும். வருஷத்தில் நாலு லோடு போடுகிறவர் இவ்வளவு ஏற்பாடும் செய்தால் கையைச் சுட்டுக்கொள்வார்.

ராக்கெட்டும் அப்படித்தான். திரும்பி வர எரிபொருளை மிச்சம் வைக்க வேண்டும். அதனால் சுமை குறைகிறது. ஃபால்கன் 9 ராக்கெட்டைத் தூக்கி எறிவதாக இருந்தால் அந்த உயரமான சுற்றுப்பாதைக்கு 8,300 கிலோ கொண்டுபோகும். திருப்பி எடுப்பதாக இருந்தால் 5,500 கிலோ. மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. அதற்கு மேல் கப்பல், கிரேன், சோதனைக்கூடம், ஆட்கள் எல்லாம் வேண்டும். 2024இல் ஃபால்கன் ராக்கெட்டுகள் 130 முறைக்கு மேல் பறந்தன. அவர்களுக்குக் கட்டுப்படியாகிறது. அதே ஆண்டு ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து இஸ்ரோ ஏவியது ஐந்து.

அமெரிக்காவின் விண்வெளி ஓடத்தையும் மறந்துவிடக் கூடாது. 1981 முதல் 2011 வரை 135 முறை பறந்தது. திரும்பி வந்தது என்னவோ உண்மை. ஆனால் ஒவ்வொரு முறையும் அதன் உடலில் ஒட்டியிருந்த 20,000க்கும் மேற்பட்ட வெப்பத் தடுப்பு ஓடுகளைச் சோதிக்க வேண்டும், என்ஜின்களைக் கழற்றிப் பார்க்க வேண்டும். மாதக்கணக்கில் வேலை இழுத்தது. மலிவாக இருக்கும் என்று தொடங்கியது, கடைசியில் மிகச் செலவான வாகனமாக முடிந்தது. இரண்டு ஓடங்களையும் 14 உயிர்களையும் இழந்தார்கள். அதில் ஒருவர் நம் கல்பனா சாவ்லா.

தம்பி கேட்ட வேலைக் கேள்விக்கு வருகிறேன். இதே கேள்வியை ஐரோப்பாவில் பெரிய இடத்திலேயே கேட்டிருக்கிறார்கள். ஏரியான் ராக்கெட் செய்யும் நிறுவனத்துக்கு அப்போது தலைவராக இருந்த அலன் ஷார்மோ 2018இல் ஒரு பேட்டியில் ஏறக்குறைய இப்படிச் சொன்னார்: எங்களுக்கு வருஷத்துக்குப் பத்து ஏவுதல் உறுதி என்று வைத்துக்கொள்வோம். ஒரு ராக்கெட்டைப் பத்து முறை பயன்படுத்தினால் வருஷத்துக்கு ஒரு ராக்கெட் செய்தால் போதும். அப்புறம் என் தொழிலாளர்களிடம் போய், அடுத்த வருஷம் பார்ப்போம் என்றா சொல்வது?

கணக்கு சரி. ஆனால் நடந்தது என்ன? ஏரியான் 5 ஓய்வு பெற்றது. தூக்கி எறியும் வகையிலேயே செய்த ஏரியான் 6 தாமதமாகி 2024 ஜூலையில்தான் முதலில் பறந்தது. உக்ரைன் போரால் ரஷ்ய ராக்கெட்டும் கிடைக்காமல் போனது. நடுவில் ஐரோப்பா தன் யூக்ளிட் தொலைநோக்கியையும், கலிலியோ வழிகாட்டிச் செயற்கைக்கோள்களையும் யாரிடம் கொடுத்து அனுப்பியது தெரியுமா? அதே ஃபால்கன் 9. தொழிலாளியின் வேலையைக் காப்பாற்றப் போய், லோடையே பக்கத்து ஊர் லாரிக்கு விட்ட கதை. இப்போது அவர்களும் திரும்பி வரும் ராக்கெட்டுக்கு என்ஜின் செய்துகொண்டிருக்கிறார்கள்.

அதனால் என் கருத்து இது. 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை அடுத்த தலைமுறை ராக்கெட்டுக்கு 8,240 கோடி ரூபாய் ஒதுக்கியது. முதல் கட்டம் திரும்பி வரும் வகை. தாழ்வான சுற்றுப்பாதைக்கு 30 டன் தூக்கும். எல்.வி.எம்.3ஐப் போல மூன்று மடங்கு சுமை, ஒன்றரை மடங்கு செலவு என்பது கணக்கு. எட்டு ஆண்டு கெடு. நல்ல முடிவு, நான் வரவேற்கிறேன். ஆனால் அந்த எட்டு ஆண்டில் ராக்கெட்டை மட்டும் செய்துவிட்டு, ஏற்றுவதற்குச் செயற்கைக்கோள் இல்லாமல் வருஷத்துக்கு ஐந்து முறை விடுவோமானால், அது வருஷத்தில் நாலு லோடு போடுகிறவர் வாங்கிய கிரேடுதான். பயிர்க் காப்பீட்டுக்கு, ஏரி நீர் அளவுக்கு, காட்டுத் தீக்கு, மலைக் கிராமத்து இணையத்துக்கு என்று நமக்கே எத்தனை செயற்கைக்கோள் வேண்டியிருக்கிறது. அதைச் செய்கிற தனியார் நிறுவனங்களுக்கு அரசே முதல் வாடிக்கையாளராக இருக்க வேண்டும். லோடு இருந்தால்தான் வண்டி.

பணத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. கடலில் மூழ்கிய ராக்கெட்டில் எந்த வால்வு தேய்ந்தது, எந்த வெல்டிங்கில் விரிசல் விடத் தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. வெற்றி என்று கைதட்டிவிட்டுப் போய்விடுவோம். திரும்பி வந்த ராக்கெட்டைக் கழற்றிப் பார்க்கலாம். 2025 மே 18 அன்று பி.எஸ்.எல்.வி.-சி61 மூன்றாம் கட்டத்தில் கோளாறாகி செயற்கைக்கோளை இழந்தோம். பல ஆண்டு நம்பிக்கையோடு ஓடிய வண்டி. மூன்றாம் கட்டம் எந்த வகையிலும் திரும்பி வராது, அது வேறு. ஆனாலும் தொலைவில் இருந்து வந்த எண்களை மட்டும் வைத்துக் காரணம் தேடுவது எவ்வளவு கஷ்டம் என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்தக் கழற்றிப் பார்க்கும் வேலையை ஏனோதானோ என்று செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2025 ஜூனில் நம் சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்துக்குப் போக வேண்டிய ஃபால்கன் 9 ராக்கெட்டில், புறப்படுவதற்கு முந்தைய சோதனையின்போது திரவ ஆக்சிஜன் கசிவு தெரிந்தது. அந்த பூஸ்டர் ஏற்கெனவே ஒரு முறை பறந்து வந்தது. அந்தக் கசிவு முந்தைய பயணத்திலேயே இருந்தது, பழுது பார்த்தபோது முழுமையாகச் சரியாகவில்லை என்று அந்த நிறுவனத்தாரே சொன்னார்கள். முழுதாகச் சரிசெய்யாமல் ஏவக் கூடாது என்று நம் இஸ்ரோ தலைவர் நாராயணனும் குழுவினரும் உறுதியாக நின்றார்கள். ஜூன் 11 போக வேண்டியவர் ஜூன் 25 போனார். பத்திரமாகத் திரும்பியும் வந்தார். குமரி மாவட்டத்துக் கிராமத்தில் தமிழ் வழியில் படித்த ஒருவர் அங்கே போய், இதைச் சரிசெய் என்று சொன்னாரே, அன்றைக்கு எனக்கு இரவு சாப்பாடு இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

ஆகவே தம்பி, வேலை போகாது, மாறும். புதிதாக வார்க்கிற கை குறையலாம். விரிசல் கண்டுபிடிக்கிற கண், வெல்டிங்கை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிற ஆள், வால்வைக் கழற்றி மாட்டி அழுத்தம் சோதிக்கிற ஃபிட்டர், இவர்கள் கூடுதலாக வேண்டும். டயர் ரீட்ரெடிங் பட்டறையில் நல்ல டயரையும் கெட்ட டயரையும் தட்டிப் பார்த்தே பிரிக்கிறவருக்குத்தானே அங்கே மரியாதை?

இஸ்ரோ மையங்களில் டெக்னீசியன்-பி பணிக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் சம்பந்தப்பட்ட ட்ரேடில் ஐ.டி.ஐ. சான்றிதழும்தான் கேட்கிறார்கள். நம் மாவட்டத்தில் பல பெற்றோருக்கு இது தெரியாது. இஸ்ரோ என்றால் ஐ.ஐ.டி. படித்தவர்களுக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அறிவிப்பு மகேந்திரகிரி, திருவனந்தபுரம், ஸ்ரீஹரிகோட்டா என்று அந்தந்த மையத்தின் இணையதளத்திலேயே வரும். புரோக்கர் யாரிடமும் போக வேண்டாம், பணம் கேட்டால் அது ஏமாற்று.

பையனை ஃபிட்டரிலோ வெல்டரிலோ தைரியமாகச் சேருங்கள். கணக்கை விடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அளவுக்கருவி பிடிப்பதில் சோம்பல் கூடாது, வெர்னியர் காலிப்பரில் வாசிக்கத் தெரியாமல் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளையே நான் பார்த்திருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைத்து வாருங்கள். என்னுடைய பழைய காலிப்பர் அலமாரியில் சும்மாதான் கிடக்கிறது.