உழவு மாறினால் உரமும் மாற வேண்டும்

பஞ்சாப், ஹரியானாவில் நெல் அறுவடை முடிந்ததும் தாளுக்குத் தீ வைக்கிறார்கள் என்ற செய்தி ஆண்டுதோறும் வருகிறது. அந்த விவசாயிகளைக் குறை சொல்வது எளிது. நிலத்தடி நீரைக் காக்க பஞ்சாபில் 2009-ல் வந்த சட்டம் நெல் நடவை ஜூனுக்குத் தள்ளியது; அறுவடையும் தள்ளிப்போனது. கோதுமையை நவம்பர் நடுவுக்குள் விதைக்காவிட்டால், மார்ச் வெயிலில் மணி சிறுத்துவிடும். இடையில் கிடைப்பது சில வாரங்களே.

இதற்கு மாற்றாக வந்ததுதான் ‘ஹேப்பி சீடர்’ கருவி. உழாமலேயே விதைத்து, வெட்டிய தாளை மண்மேல் மூடாக்காகப் பரப்பிவிடும். இத்தகைய கருவிகளுக்கு 2018 முதல் மத்திய அரசு மானியமும் தருகிறது. ஆனால், கருவி மட்டும் போதாது. உரமிடும் முறையும் மாறாவிட்டால் விளைச்சல் குறையும். பழி தாள் மீது விழும். மறு ஆண்டு தீப்பெட்டி கைக்கு வரும்.

தாளை ரோட்டவேட்டரால் மண்ணில் கலந்து உடனே விதைத்தால், அதை மட்கவைக்கும் நுண்ணுயிரிகள் மண்ணிலுள்ள தழைச்சத்தை முதலில் எடுத்துக்கொள்கின்றன. இளம்பயிர் வெளிறுகிறது. தாள் மேலே கிடந்தால் இந்தப் போட்டி குறைவு. ஆனால், அதன்மேல் யூரியாவைத் தூவிவிட்டுத் தண்ணீர் கட்டாமல் விட்டால், தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். எனவே, மணிச்சத்து உரத்தை விதைப்பின்போதே கருவி மூலம் மண்ணுக்குள் இட வேண்டும். மேலுரமாக யூரியாவைப் பிரித்து, பாசனத்துக்குச் சற்று முன்பு இட வேண்டும். தண்ணீரோடு அது வேருக்கு இறங்கும்.

ஒரு டன் வைக்கோலில் சுமார் 5 கிலோ தழைச்சத்து இருக்கிறது. எரித்தால் அதில் பெரும்பகுதி புகையோடு போகும். காசு கொடுத்து வாங்கும் உரத்தை மிச்சப்படுத்த, கையில் இருப்பதைக் காப்பதே முதல் வழி.

நமக்கும் இதில் பாடம் உண்டு. சம்பா தாளடியில் உளுந்து தெளிக்கும் டெல்டா விவசாயிகளுக்கு உழவில்லா விதைப்பு புதிதல்ல. குறுவைத் தாளை மடக்கி உழுத கையோடு தாளடி நடுவோர், பயிர் வெளிறுவதையும் பார்த்திருப்பார்கள். மட்க இரண்டு வாரமாவது அவகாசம் தருவது நல்லது.

கருவிக்கு மானியம் வழங்கும் அன்றே, எந்த உரத்தை எப்போது, எங்கே இடுவது என்பதை வயலில் நின்று காட்ட வேண்டும். வேளாண் அலுவலர்களின் பணி மானியப் பட்டியலோடு முடிந்துவிடக் கூடாது.