'நகல்' என்னும் வசையும் தாராவியின் குற்றியலுகரமும்

1978-இல் 'சாட்டர்டே நைட் லைவ்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஜான் பெலூஷி, டான் அய்க்ராய்ட் ஆகிய இரு வெள்ளையின நகைச்சுவை நடிகர்கள் கறுப்பு உடையும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்து, கறுப்பின மக்கள் வளர்த்த ப்ளூஸ், சோல் இசையைப் பாடினர். நகைச்சுவை மேடையில் பிறந்த அந்த 'ப்ளூஸ் பிரதர்ஸ்' உண்மையான இசைக்குழுவாகவே மாறியது. அதன் முதல் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. 1980-இல் வந்த திரைப்படத்தில் அரீத்தா ஃபிராங்க்ளின், ரே சார்லஸ், ஜேம்ஸ் பிரவுன் ஆகியோரும் தோன்றினர். கண்டித்தோர் சிலர் இருப்பினும், அம்முயற்சியை அஞ்சலி என்றே பலரும் ஏற்றுக்கொண்டனர்.

தாராவித் தமிழிளைஞர் ராப் பாடினால் மட்டும் அது 'நகல்' என இகழப்படுவது ஏன்? அமெரிக்க நடிகர்கள் அணிந்தது வேடம். நிகழ்ச்சி முடிந்ததும் களைந்துவிடலாம். தாராவி என்னும் முகவரியை அப்படிக் களைய இயலாது. நகரம் கைவிட்ட நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 1970-களில் உருவான வடிவத்தை, மும்பை ஒதுக்கிவைத்த பகுதியின் இளைஞர்கள் எடுத்தாண்டது வாழ்நிலையின் ஒப்புமையால் விளைந்தது. வேடமிட்டவர்க்கு அஞ்சலி, வாழ்ந்தவர்க்கு நகல் என்னும் இந்த அளவுகோல் ஆய்வுக்குரியதன்று. சாதி, வர்க்க மேட்டிமை சார்ந்தது.

அடுத்த குற்றச்சாட்டு மொழிக்கலப்பு. தாராவியின் 'டோப்படெலிக்ஸ்' குழு பங்கேற்ற 'காலா' (2018) படப் பாடலின் தலைப்பையே பார்க்கலாம்: 'செம்ம வெயிட்டு'. 'வெயிட்' என்னும் ஆங்கிலச் சொல் வல்லின மெய்யில் முடிவது. தமிழ்ச்சொல் அவ்வாறு முடிவதில்லை. எனவே மெய் இரட்டித்து, இறுதியில் உகரம் ஏறி, 'பாட்டு', 'எட்டு' போன்ற வன்றொடர்க் குற்றியலுகரமாகிறது. பிறமொழிச் சொல்லைத் தமிழொலிக்கு இயைய ஏற்கும் நெறி தொல்காப்பியம் அறிந்ததே. இலக்கண வகுப்பில் இதனைப் போற்றுவோர், தெருவில் கேட்கும்போது கொச்சை என்பது முரண்.

மும்பைத் தமிழரின் இசைவரலாறு என்றதும் ஆய்வாளர்க்கு முதலில் நினைவுக்கு வருவது 1952-இல் தொடங்கிய சண்முகானந்த சங்கீத சபையும் செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியும். அவற்றின் தொண்டு பெரிது. ஆனால் மாட்டுங்காவிலிருந்து நடந்துசெல்லும் தொலைவிலுள்ள தாராவியில், திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்து தோல் பதனிட்டு வாழ்ந்தோரின் வழித்தோன்றல்கள் நான்கு மொழிகளில் பாடுவது அந்த வரலாற்றில் இடம்பெறுவதில்லை. 'கல்லி பாய்' (2019) தாராவி ராப்பை நாடறியச் செய்தது. அதன் நாயகன் பேசியதோ இந்தி. தமிழ்ப் புலமையாளரும் மௌனம் காத்தால் இப்பாடல்களைத் தமிழின் கணக்கில் எழுதுவோர் யார்?

இது சுவை பற்றிய சச்சரவு மட்டுமன்று. மறுமேம்பாட்டுத் திட்டத்தால் தாராவி மக்கள் வெவ்வேறு இடங்களுக்குச் சிதறக்கூடும். தமிழும் மராத்தியும் இந்தியும் ஒரே சந்தில் புழங்கியதால் உருவான பேச்சுவழக்கு, அந்தச் சந்து கலைந்தபின் அதே வடிவில் நிலைப்பது அரிது. 'தூய தமிழா, கலப்பா' என்று கருத்தரங்குகளில் வாதிடுவோர் அதற்குமுன் ஒலிப்பதிவுக் கருவியோடு தாராவிக்குச் செல்லட்டும். பாடுவோரின் பெயரையும் படைப்புரிமையையும் மதித்துப் பதிவுசெய்யட்டும். நகலா அசலா என்னும் தீர்ப்பைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.