விராலுக்கு எந்த இரை?

ஐப்பசி மழையில் ஏரிக்கு நீர் வந்ததும் காஞ்சிபுரம் வட்டாரத்தில் இரண்டு காரியங்கள் ஒன்றாக நடக்கும். ஆயக்கட்டு விவசாயி மதகைப் பார்க்கக் கரைக்குப் போவார். அவருடைய மகன் தூண்டிலை எடுத்துக்கொண்டு அதே கரைக்குப் போவான். மதகைப் பற்றி இப்பகுதியில் பலமுறை எழுதியாகிவிட்டது. தூண்டிலைப் பற்றி எழுதுவது வேளாண் விஞ்ஞானியின் வேலையா என்று சிலர் கேட்கலாம். ஏரியில் உள்ள விரால்தான் மழைக்காலத்தில் கால்வாய் வழியாக உங்கள் வயலுக்கும், கிணற்றுக்கும், பண்ணைக்குட்டைக்கும் வந்து சேருகிறது. கட்லா, ரோகுவைவிட அதிக விலைக்கு, அதுவும் உயிரோடு விற்கக்கூடிய மீன் அது. ஆகவே இது நம் வேலைதான்.

விரால் பதுங்கிப் பாயும் மீன். கோரைக்கும் அல்லிக் கொடிக்கும் நடுவே அசையாமல் நின்று, அருகில் வரும் தவளை, இறால், சிறு கெண்டை ஆகியவற்றை ஒரே பாய்ச்சலில் பிடிக்கும். நீரிலுள்ள உயிர்க்காற்று மட்டும் அதற்குப் போதாது. அவ்வப்போது மேலே வந்து வெளிக்காற்றை விழுங்கிச் செல்லும். அந்தக் குமிழியைப் பார்த்துத்தான் பழகிய ஆள் தூண்டிலைப் போடுகிறார்.

இரையைத் தேர்ந்தெடுப்பதில் பலர் செய்யும் தவறு, மீனுக்கு எது ருசி என்று யோசிப்பது. விரால் பாய்வது பெரும்பாலும் அசைவைக் கண்டுதான். உடலின் பக்கவாட்டுக் கோட்டில் உள்ள உணர்வால் நீரின் அதிர்வை அறிகிறது. மேலே தெரியும் நிழலுருவைக் கண்ணால் பார்க்கிறது. எனவே புதுவெள்ளம் வந்து நீர் செம்மண் நிறமாக இருக்கும்போது, பளபளப்பான இரையால் பயன் குறைவு. நீரைத் தட்டிச் சலசலப்பு உண்டாக்கும் பருத்த இரையே தேவை. தை மாதத்தில் நீர் தெளிந்த பிறகு சிறிய இரையை மெதுவாக இழுத்தால் போதும். நிறமும் தவளையைப் போல மங்கலாக இருக்கலாம்.

தென்னேரிக் கரையில் ஓர் அமாவாசையன்று, தறிக்கு ஓய்வு கொடுத்துவிட்டு வந்திருந்த நெசவாளர் ஒருவரைச் சந்தித்தேன். அறுந்த பட்டிழையையும் ஜரிகைத் துண்டையும் முள்ளில் குஞ்சம்போலக் கட்டியிருந்தார். "ஐயா, சேலைக்கு ஆகாத ஜரிகை மீனுக்கு ஆகும்" என்றார். அன்று தண்ணீர் தெளிவாக இருந்ததால் அவருக்கு இரண்டு விரால் கிடைத்தன. அதே குஞ்சத்தைக் கார்த்திகைக் கலங்கலில் போட்டிருந்தால் மாலைவரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அவரிடம் இதைச் சொன்னபோது, "அப்போ நான் மண்புழு போடுவேனே" என்று சிரித்தார். மண்புழுவில் விரால் மட்டுமா வரும்? கெளுத்தி, குறவை, விரல் நீளக் குஞ்சு எல்லாமே வரும். புழு ஆள் பார்த்து அழைப்பதில்லை.

இனித் தவளைக்கு வருவோம். உயிருள்ள தவளையின் தொடையில் முள்ளைக் குத்தி விடுவது நம் பக்கத்துப் பழைய முறை. விரால் விழும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதை நான் ஆதரிக்க மாட்டேன். வயலில் தாவும் பூச்சியையும் பறக்கும் பூச்சியையும் கூலி கேட்காமல் பிடித்துத் தின்பது தவளை. தவளைக்கால் ஏற்றுமதியை மத்திய அரசு 1987-ல் தடை செய்ததற்குத் தவளை குறைந்தால் பூச்சி பெருகும் என்ற கவலையும் ஒரு காரணம். ஒரு பக்கம் தவளையைத் தூண்டிலுக்குக் கொடுத்துவிட்டு மறுபக்கம் பூச்சிமருந்துக் கடையில் கடன் சொல்வது என்ன கணக்கு?

இப்போது கடைகளில் கிடைக்கும் ரப்பர் தவளை இதற்கு நல்ல மாற்று. உள்ளே காற்று இருப்பதால் மிதக்கும். முள்கள் மேல்நோக்கி உடலோடு ஒட்டியிருப்பதால் அல்லி இலைமீதும் பாசிமீதும் சிக்காமல் வரும். விரால் கவ்வி அமுக்கும்போதுதான் முள் வெளிப்படும். பாய்ந்த சத்தம் கேட்டவுடன் இழுத்துவிடக் கூடாது. மீன் வாயை மூடித் திரும்ப ஓரிரு நொடி கொடுக்க வேண்டும். முள்நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறு கூரைக் குறடால் நசுக்கிவிட்டால், வேண்டாத மீனைக் காயமின்றி விடலாம். இரண்டு அங்குலத்துக்குக் குறைந்த இரை வாங்காதீர்கள். பெரிய இரைக்குச் சிறு மீன் அதிகம் வராது. அதுவே பாதி பாதுகாப்பு.

உயிருள்ள சிறு மீனை இரையாக்குபவர்கள் அந்த ஏரியில் பிடித்ததையே பயன்படுத்த வேண்டும். வேறிடத்திலிருந்து குடத்தில் கொண்டுவந்து மிச்சத்தை நீரில் கொட்டுவதால்தான் வேண்டாத மீன்கள் ஊர் ஊராகப் பரவுகின்றன. 1952-ல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டை இன்று இல்லாத ஏரி அரிது. அரசு தடை செய்த ஆப்பிரிக்கக் கெளுத்தியும் அந்த வழியில் வந்தால் உள்ளூர் மீனுக்கு மிச்சமிருக்காது. ஜிலேபிக் குஞ்சைத் தின்று ஓரளவு கட்டுப்படுத்துவதும் இந்த விரால்தான் என்பதைக் குட்டை வைத்திருப்பவர்கள் அறிவார்கள்.

இதுவரை சொன்னது கருவியைப் பற்றி. நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. ரப்பர் தவளை வந்த பிறகு இளைஞர்கள் ஒரு சுலப வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் விரால் முட்டையிட்டு, குஞ்சு பொரித்த பின்னும் காவல் நிற்கும். செம்மஞ்சள் நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து காற்று குடிக்கும்போது, நீர்ப்பரப்பில் சிறு தூறல் விழுவதுபோல் தெரியும். தாயோ தகப்பனோ அதற்கு அடியில் இருக்கும். அந்தக் கூட்டத்தின் நடுவே தவளையை எறிந்தால் விரால் உடனே பாயும். பசியால் அல்ல, குஞ்சைத் தின்ன வந்த பகை என்று எண்ணிப் பாய்கிறது. இதில் இரையின் திறமையும் இல்லை, எறிந்தவனின் திறமையும் இல்லை. காவல் போனபின் அந்தக் குஞ்சுகளைக் கொக்கும் நீர்க்காகமும் மற்ற மீன்களும் சில நாட்களில் முடித்துவிடும்.

"குத்தகைக்காரர் கோடையில் வலைபோட்டு எல்லாவற்றையும் அள்ளத்தானே போகிறார், நான் பிடிக்கும் ஒன்றில் என்ன குறைந்துவிடும்?" என்று உத்திரமேரூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் என்னிடம் கேட்டார். கேள்வியில் பாதி நியாயம் உண்டு. ஆனால் வலை வருவது நீர் வற்றும்போது. அதற்குள் கார்த்திகைக் குஞ்சு வளர்ந்து, ஒரு பகுதி கால்வாயிலும் வயலிலும் கிணற்றிலும் இறங்கியிருக்கும். சேற்றில் பதுங்கிக் கோடையைக் கழித்து அடுத்த மழைக்கு வெளிவருவதும் உண்டு. கார்த்திகையில் தாயைப் பிடித்தால் இவை எதுவுமே உண்டாகாது. குட்டையில் விரால் வளர்க்க ஏரிக் குஞ்சை நம்பியிருக்கும் சிறு விவசாயிக்கு அது நேரடி நஷ்டம்.

ஆகவே, குஞ்சுக் கூட்டம் தெரியும் இடத்தில் குஞ்சுகள் கறுத்துப் பிரியும் வரை, ஏறத்தாழ ஒரு மாதம், தூண்டில் போடக் கூடாது என்று ஊரே பேசி முடிவு செய்ய வேண்டும் என்பது என் கருத்து. தப்பித்தவறிச் சிக்கினால் கை ஈரத்தோடு பிடித்து, அதே இடத்தில் உடனே விட்டுவிடலாம். வெளிக்காற்றைச் சுவாசிக்கும் மீனாதலால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். மீன்பாசி ஏலம் விடும்போது இதை ஒரு நிபந்தனையாகச் சேர்க்கும்படி ஊராட்சியில் மனு கொடுக்கலாம். குத்தகைதாரரும் மறுக்க மாட்டார், லாபம் அவருக்கும்தான். குத்தகை உள்ள ஏரியில் அவர் அனுமதியின்றித் தூண்டில் போடுவது தகராறில் முடியும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

அறுந்த தங்கூஸ் நரம்பைக் கரையில் போட்டுவிட்டு வராதீர்கள். மேய வரும் மாட்டின் காலிலும், நீர்ப்பறவைகளின் சிறகிலும் அது சிக்குகிறது. சுருட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வருவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.