பந்தாட்டக் கழகமும் மகாசபையும்

நூல் விலையும் ஏலக்காய் விலையும் இருக்க, நம் பத்திரிகையில் பந்தாட்டத்துக்கு என்ன வேலை என்று அங்கத்தினர்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே. ஆயினும் இதனை எழுதத் தூண்டிய காரணம் நம் பக்கத்தில்தான் எழுந்தது. ஆய்வின் பொருட்டு நாம் சென்றிருந்த ஒரு கிராமத்தில், சில இளைஞர்கள் வந்து, கால்பந்துக் கழகம் ஒன்றைப் பதிவு செய்யும் முறை யாது என்று வினவினர். ஊர்ச் செல்வர் ஒருவர் பந்தும் உடையும் வாங்கித் தருவதாகக் கூறியிருக்கிறாராம். கழகத்துக்கு அவர் பெயரையே சூட்டி, அவரையே நிரந்தரத் தலைவராக்கிவிட்டால் பிறகு கவலையில்லை என்பது அவர்கள் கருத்து. அந்தக் கவலையின்மைதான் நமக்குக் கவலையை அளித்தது.

தமிழ்நாட்டிலேயே இதற்கு ஒரு பாடம் கிடக்கிறது. சென்னையில் 1946-ஆம் ஆண்டு நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப் என்னும் பெயரில் ஒரு கழகம் தோன்றியது. நெடுங்காலம் பெரும்புகழ் எதனையும் காணாத கழகம் அது. பின்னர்ச் சென்னை சிட்டி என்னும் பெயருடன் 2016-17-இல் ஐ-லீக் என்னும் தேசியப் போட்டியுள் நுழைந்தது. 2017-18-இல் கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கைத் தன் களமாகக் கொண்டது. பெயரோ சென்னை, இருப்போ கோவை. அதனைப் பற்றிக் கோவை மக்கள் ஒருவரும் மனத்தாங்கல் கொள்ளவில்லை. 2019 மார்ச்சு 9 அன்று பஞ்சாபின் மினர்வாக் குழுவை மூன்றுக்கு ஒன்று என வென்று, கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் குழுவைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதலாகப் பெற்றுப் பட்டம் சூடியது. நூறாண்டு காணவிருந்த பெருங்கழகத்தை நம்மவர் பின்தள்ளினர்! சுவிட்சர்லாந்தின் பாசல் கழகமும் அதன் பங்குகளில் நூற்றுக்கு இருபத்தாறு வாங்கியது.

இத்தனைக்கும் பிறகு, 2020-21-ஆம் ஆண்டுப் போட்டியே ஐ-லீக்கில் அக்கழகத்தின் கடைசிப் போட்டியாயிற்று. பட்டம் பெற்று இரண்டே ஆண்டுகள். எவர்மீதும் பழி கூற நாம் முற்படவில்லை. பணம் போட்டவர்கள் இல்லையேல் அவ்வெற்றியே இல்லை. நாம் கேட்பது வேறு. அரங்கில் நின்று ஆரவாரித்த கோவை மக்களில் ஒருவரேனும், ‘இது எங்கள் கழகம், கணக்கைக் காட்டுங்கள், இதைத் தொடர்ந்து நடத்தும் வழியைக் கூடிப் பேசுவோம்’ என்று கேட்க உரிமை பெற்றிருந்தனரா? அவர்கள் கையில் இருந்தது நுழைவுச் சீட்டு. பங்குச் சீட்டு அன்று.

கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்பர். ஸ்பெயின் தேசத்துக் கத்தலோனியாவிலும் நெசவாலைகளால் அவ்வாறே பெயர் பெற்ற ஊர் ஒன்றுண்டு. சபடேல் என்பது அதன் பெயர். அங்கே 1903-இல் தோன்றிய கழகம் 1935-இல் தேசியக் கோப்பையின் இறுதியாட்டம் வரை சென்றது. 1968-69-இல் முதற் பிரிவில் நான்காமிடம் பெற்றது. 1988-இல் அப்பிரிவினின்று இறங்கியது இன்றளவும் மீண்டும் ஏறவில்லை. ஆயினும் கழகம் இருக்கிறது, ஆடுகிறது. அந்நாட்டில் 1990-ஆம் ஆண்டின் சட்டம், மேல் இரு பிரிவுகளில் ஆடும் கழகங்களைக் கம்பெனிகளாக மாறச் செய்தது; கணக்கு நேராக இருந்த நான்கு கழகங்களே அங்கத்தினர் உடைமையாக நீடிக்க விடப்பட்டன. பார்சிலோனா அவற்றுள் ஒன்று. கணக்கு நேராக இருந்தமையால் உரிமை தப்பியது என்பதை நம் சங்கக் காரியதரிசிகள் ஒருமுறைக்கு இருமுறை படிப்பார்களாக.

இனி அசல் மான்செஸ்டருக்கு வருவோம். ராச்டேல் அதன் பக்கத்து ஊர். 1844-இல் இருபத்தெட்டுப் பேர் கூடி நம் இயக்கத்துக்கு வழிகாட்டிய ஊர். மான்செஸ்டர் யுனைட்டெட் என்னும் பெருங்கழகத்தை 2005-இல் ஓர் அமெரிக்கச் செல்வர் கடன் வாங்கி விலைக்கு வாங்கினார். மனம் பொறாத அன்பர்கள் சிலர், அவ்வாண்டே எஃப். சி. யுனைட்டெட் ஆஃப் மான்செஸ்டர் என்று தனிக் கழகம் கண்டனர். அதனைக் கூட்டுறவு முறையிலேயே பதிவு செய்தனர். எத்தனை பவுன் போட்டாலும் ஆளுக்கு ஒரே வாக்கு. பத்தாம் படியில் தொடங்கி மூன்றாண்டுகளில் மூன்று படிகள் ஏறினர். அங்கத்தினரிடமே பங்கு திரட்டி, 2015-இல் சொந்தக் களமும் அமைத்துக்கொண்டனர். அங்கே பூசலே இல்லை என்று எண்ணவேண்டா. 2016-இல் நிர்வாகத்தின்மீது பெரும் அதிருப்தி மூண்டது. ஆனால் சண்டையிட ஒரு மகாசபை இருந்தது. வாக்களித்துக் குழுவை மாற்றினர். 2019-இல் ஒரு படி இறங்கவும் செய்தனர். கழகம் கலையவில்லை.

நம் நிலை என்ன? நாம் ஆய்வுக்குச் சென்ற ஒரு சங்கத்தில், மகாசபை வருகைப் பதிவில் நிறைந்து கிடந்த கையெழுத்துகளில் பல ஒரே மையில், ஒரே சாய்வில் இருந்தன. விசாரித்தபோது, ‘தறியை விட்டு வர முடியுமா, சார்? தீர்மானம் எப்படியும் நிறைவேறிவிடும்’ என்றார் மூத்த நெசவாளர் ஒருவர். தேர்ந்தெடுத்த குழுவின்றித் தனி அலுவலர்கள் சங்கங்களை நடத்திய ஆண்டுகளையும் நம் அங்கத்தினர் அறிவர். அப்போது எத்தனை பேர் ‘எங்கள் வாக்கு எங்கே?’ என்று கேட்டனர்? நாமும் உத்தியோகஸ்தர் வர்க்கத்தைச் சேர்ந்தவரே. ஆதலின் இதனைச் சற்றுக் கூச்சத்துடனேயே எழுதுகிறோம். பங்குத் தொகை கட்டியவர் பார்வையாளர் வரிசையில் அமர்ந்தால், கோவை அரங்கில் ஆரவாரித்தவருக்கும் அவருக்கும் வேற்றுமை யாது?

இளைஞர்களுக்கு நாம் சொன்னது இதுவே. 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி ஏழு பேர் போதும். மாதச் சந்தா சிறிதாயினும் ஒவ்வொருவரும் கட்டுக. ரசீதுப் புத்தகம் வைத்துக்கொள்க. ஆண்டுக்கூட்டத்தைத் தறியும் தோட்டமும் ஓய்ந்திருக்கும் நாளில் வைத்துக்கொள்க. செல்வர் தரும் பந்தையும் உடையையும் நன்றியுடன் பெறுக. அவரையும் அங்கத்தினராகச் சேர்த்து, அவருக்கும் ஒரு வாக்கு அளிக்க.

‘அதை அவரிடம் யார் சார் சொல்வது?’ என்று கேட்டனர். அதற்கு நம்மிடம் விடை இல்லை. விண்ணப்பத் தாளை மட்டும் வாங்கிச் சென்றிருக்கின்றனர்.