பாளையம் யாருடையது?



திருவனந்தபுரம் பாளையம் சந்தையில் நம்மவர்கள் நாள்தோறும் சுமை இறக்குகிறார்கள். பாளையம் என்றால் படை தங்கும் இடம். திருவிதாங்கூர்ப் பட்டாளம் கூடாரமடித்த இடமே இன்று பஸ் நிற்கும் பாளையம். அந்த மண்ணில் நிற்கும் நம் பிள்ளைகளை, "பாண்டி, உனக்கு இங்கே என்ன வேலை?" என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. பதிலைச் சரித்திரமே சொல்லட்டும்.

இந்தப் பட்டாளத்தின் முதல் பெரிய பயிற்சி முகாம் இந்நகரில் இல்லை. புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையில் இருந்தது. 1741-இல் குளச்சலில் மார்த்தாண்டவர்மா டச்சுக்காரரைத் தோற்கடித்தார். பிடிபட்ட டிலனாய் என்ற அதிகாரியையே தம் படைக்கு வாத்தியாராக்கினார். கோட்டைக்குள் பீரங்கி வார்த்தார்கள். வீரர்களுக்கு ஐரோப்பிய முறையில் துப்பாக்கிப் பயிற்சி தந்தார்கள். 1777-இல் இறந்த டிலனாயின் கல்லறை அங்கேயே இருக்கிறது. அதில் லத்தீனோடு தமிழும் பொறித்திருக்கிறது! மார்த்தாண்டவர்மாவின் படையில் திருநெல்வேலி மறவர்களும் போரிட்டார்கள். குளச்சல் மீனவர்கள் துடுப்பைத் தோளில் சாய்த்து, படைவீரர் போலக் கரையில் அணிவகுத்து நின்றார்கள் என்று அவ்வூரார் இன்றும் சொல்வார்கள்.

பெருமையோடு நிறுத்திவிட்டால் அது பாதி உண்மைதான். 1809-இல் வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சி தோற்றது. வெள்ளையர் அந்தப் படையைக் கலைத்தார்கள். பிறகு எழுந்த படைக்கு 1830-இல் நாயர் பிரிகேட் என்று பெயர் வந்தது. பெயரே வாசற்படியாயிற்று! நாடாருக்கும் ஈழவருக்கும் புலையருக்கும் அங்கே இடமில்லை. வரியும் கூலியில்லா ஊழியமும் அவர்களுக்கு. துப்பாக்கியும் சம்பளமும் வேறொருவருக்கு. 1930-களில் ஈழவரும் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் ஒன்றுசேர்ந்து அரசு வேலையில் பங்கு கேட்டுப் போராடினார்கள். அந்தப் பத்தாண்டில்தான் படையின் பெயரும் மாறியது, கதவும் திறந்தது. யாரும் தானமாகத் திறக்கவில்லை, கேட்டதால் திறந்தது.

சுதந்திரத்துக்குப் பின் அந்தப் படை இந்திய இராணுவத்தில் சேர்ந்தது. அதன் வழிவந்த பட்டாளங்கள் இன்று மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருக்கின்றன. 1956 நவம்பர் 1-ஆம் தேதி குளச்சலும் உதயகிரியும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. எல்லை நகர்ந்தது, சரித்திரம் நகரவில்லை. திருவனந்தபுரம் பாங்கோடு முகாமிலிருந்து இராணுவத்தினர் குளச்சல் வெற்றித்தூணுக்கு வந்து ஜூலை 31-இல் மரியாதை செலுத்துவதுண்டு. இராணுவத்துக்கு மறக்காத உறவு, பள்ளிக்கூட வாசலில் மட்டும் மறந்துபோவதேன்?

நமக்கு மலையாளத் தொழிலாளியோடு சண்டையில்லை. அந்தப் பழைய வாசலில் அவருடைய பாட்டனும் நம் பாட்டனோடு வெளியேதான் நின்றான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவில் ரயிலேறி இரணியலில் இறங்குங்கள். பிள்ளைகளை உதயகிரிக்கு அழைத்துப் போங்கள். அந்தத் தமிழ் எழுத்தை அவர்களே வாசிக்கட்டும். மறுநாள் பள்ளியில் யாராவது "பாண்டி" என்றால், அவர்கள் அழவும் வேண்டாம், அடிக்கவும் வேண்டாம். "பாளையம் என்றால் என்ன, தெரியுமா?" என்று கேட்டால் போதும்!