பரண் மேல் இரும்புக்கை மாயாவி: பழைய காமிக்ஸின் தரத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

நெய்வேலி டவுன்ஷிப்பில் பணி ஓய்வு பெறும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அந்த நாள் வந்தே தீரும். குவார்ட்டர்ஸைக் காலி செய்யும் நாள். இருபது, முப்பது வருஷம் ஒரே பிளாக்கில் இருந்தவர்கள் இந்திரா நகருக்கோ, வடலூருக்கோ, சொந்த ஊருக்கோ கிளம்பும்போது பரணில் உள்ளதெல்லாம் கீழே இறங்கும். பித்தளை அண்டா, கொலு பொம்மைப் பெட்டி, பிள்ளைகளின் ரேங்க் கார்டு. கூடவே துருப்பிடித்த ஒரு தகரப் பெட்டி. திறந்தால், மேலாக இரும்புக்கை மாயாவி!

வாசலில் பழைய பேப்பர்காரர் தராசோடு நிற்பார். "எல்லாத்தையும் எடுத்துட்டுப் போப்பா" என்பார் வீட்டுப் பெரியவர். பெங்களூருவிலிருந்து மகன் போனில் அலறுவார்: "அப்பா, அந்தப் பெட்டியை மட்டும் போட்டுடாதீங்க. இப்போ அதுக்கு நல்ல விலை!"

இரண்டு பேர் சொல்வதுமே சரியாக இருக்கலாம். ஒரே பெட்டியில் கிலோ கணக்கில் போக வேண்டிய புத்தகமும் இருக்கும். துணியில் சுற்றிப் பத்திரப்படுத்த வேண்டியதும் இருக்கும். எது எது என்று பிரிப்பது, கதை எவ்வளவு பிரபலம் என்பதை மட்டும் வைத்து அல்ல. புத்தகம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை வைத்து.

முதலில், பெட்டியில் என்னவெல்லாம் இருக்கக்கூடும்? டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் 1964-ல் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸின் தமிழ்ப் பதிப்பு இருக்கலாம். வேதாளன் வந்த புத்தகம். 1972-ல் சிவகாசியில் பிறந்த முத்து காமிக்ஸ் இருந்தால் யோகம். அதன் முதல் நாயகனான மாயாவி, 'ஸ்டீல் க்ளா' என்ற பெயரில் பிரிட்டிஷ் சிறுவர் இதழில் 1962-ல் அறிமுகமானவர். தமிழுக்கு வந்தபின் அவர் நம்மூர்க்காரர் ஆகிவிட்டார் என்பது வேறு விஷயம். 1984-ல் ராணி காமிக்ஸும் லயன் காமிக்ஸும் அடுத்தடுத்து வந்தன. ஜேம்ஸ் பாண்ட், மாடஸ்டி, ஸ்பைடர், ஆர்ச்சி என்று எண்பதுகளில் பள்ளிக்கூடம் போன யாரைக் கேட்டாலும் ஒரு பட்டியல் சொல்வார்கள்.

இவை எல்லாமே படித்து, கைமாற்றி, கிழிந்துபோவதற்காக மலிவுத் தாளில் அச்சடிக்கப்பட்டவை. அப்படியே கிழிந்தும் போயின. மிச்சம் இருப்பவை குறைவு என்பதால்தான் இன்று இந்த மவுசு.

'குட்' என்றால் நல்லது இல்லை

அமெரிக்காவில் இதற்கு ஒரு முறையே இருக்கிறது. 1970 முதல் ஓவர்ஸ்ட்ரீட் என்ற விலைக் கையேடு வெளிவருகிறது. 2000-ல் சிஜிசி என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. புத்தகத்தை அனுப்பினால் நிபுணர்கள் பக்கம் பக்கமாகப் பார்த்து 0.5-லிருந்து 10 வரை மதிப்பெண் போட்டு, கெட்டி பிளாஸ்டிக் உறைக்குள் சீல் வைத்துத் திருப்பி அனுப்புவார்கள்.

இந்த அளவுகோலில் புதியவர்கள் ஏமாறும் இடம், பெயர்கள். 9.4 வாங்கினால் 'நியர் மிண்ட்'. 8 என்றால் 'வெரி ஃபைன்'. 6 என்றால் 'ஃபைன்'. 4 என்றால் 'வெரி குட்'. வெறும் 'குட்' எவ்வளவு தெரியுமா? 2! அதாவது நன்றாக அடிபட்டு, முதுகு சுருண்டு, ஆனாலும் முழுசாக இருக்கும் புத்தகம். நம்மூரில் ஒருவர் "சார், குட் கண்டிஷன்" என்று ஆன்லைனில் போட்டால், அவர் எந்த 'குட்'டைச் சொல்கிறார் என்று கேட்பது நல்லது.

மதிப்பெண் வித்தியாசம் எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதற்கு அண்மைய உதாரணம், 1939-ல் 10 சென்ட்டுக்கு விற்ற சூப்பர்மேன் முதல் இதழ். கலிஃபோர்னியாவில் மூன்று சகோதரர்கள், காலமான தங்கள் அம்மாவின் வீட்டுப் பரணில், பழைய செய்தித்தாள்களுக்கு அடியில் அதைக் கண்டெடுத்தார்கள். சிஜிசி கொடுத்த மதிப்பெண் 9.0. நவம்பர் 2025 ஏலத்தில் 91 லட்சத்து 20 ஆயிரம் டாலருக்குப் போனது. நம் கணக்கில் சுமார் 80 கோடி ரூபாய். அதே இதழ் அட்டை கிழிந்து, பக்கம் உதிர்ந்து கிடைத்திருந்தால் இந்தத் தொகையின் பக்கத்தில்கூடப் போயிருக்காது.

நெய்வேலிப் பரணில் 80 கோடி இல்லை. அந்தக் கனவு வேண்டாம். ஆனால் முகவிலையைப் போலப் பல மடங்கு கொடுக்கத் தயாராக இருக்கும் தமிழ் சேகரிப்பாளர்கள் உண்டு. சிக்கல் என்னவென்றால், தமிழ் காமிக்ஸுக்கு இப்படி ஒரு விலைக் கையேடு கிடையாது. மதிப்பெண்ணோடு சீல் வைத்து விற்கும் வழக்கமும் இங்கே இல்லை. விற்பவரின் வாய்ச்சொல்லும் நான்கு மொபைல் போட்டோக்களும்தான் சான்றிதழ். ஆகவே வாங்குபவரும் விற்பவரும் கண்ணைப் பழக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில் எண்ணுங்கள்

அட்டையின் அழகைப் பார்ப்பதற்கு முன்னால் பக்கங்களை எண்ண வேண்டும். எத்தனை பேர் இதைச் செய்வதில்லை! துப்பறியும் கதையில் கடைசித் தாள் இல்லாவிட்டால் கொலைகாரன் யார் என்பதும் போயிற்று, புத்தகத்தின் மதிப்பும் போயிற்று. பெரும்பாலும் காணாமல் போவது நடுத்தாளும் கடைசித் தாளும். போட்டிக் கூப்பனை வெட்டி அனுப்பிய இடத்தில் ஜன்னல் மாதிரி ஓட்டை இருக்கும். பின்பக்கத்தில் கதையின் ஒரு கட்டமும் சேர்ந்து போயிருக்கும்.

அடுத்து முதுகு. புத்தகத்தை மேசையில் வைத்து, கண்ணை அதன் மட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். முன்னட்டையைப் பின்னால் மடித்துப் பிடித்துப் படித்த புத்தகம் என்றால், முதுகு ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும். மெல்லிய இதழ்களில் நடுவில் அடித்த பின்னைச் சுற்றிச் சின்னச் சின்னக் கோடுகள் தெரியும். தீபாவளி, கோடை மலர் மாதிரித் தடிமனான புத்தகங்களில் கம் காய்ந்து, விரித்ததும் 'பட்'டென்று இரண்டாகப் பிளக்கும். அதனால் விற்பவர் எதிரில் முழுதாக விரித்துப் பார்க்காமல், பாதி திறந்து பார்ப்பதே மரியாதை.

அட்டையில் மடிப்பு இருந்தால், அது நிறத்தை உடைத்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரிகிற மடிப்பு சின்னக் குற்றம். மை உதிர்ந்து வெள்ளைக் கோடாகத் தெரிந்தால் பெரிய குற்றம். வெயில்பட்ட அட்டையையும் சுலபமாகக் கண்டுபிடிக்கலாம். மஞ்சளும் சிவப்பும் முதலில் வெளுக்கும். ஊரில் பழைய சினிமா போஸ்டர்கள் நீலம் பாரித்து நிற்குமே, அதே கதை.

பின் துருவைப் பலர் பொருட்படுத்துவதில்லை. பொருட்படுத்த வேண்டும். துரு, பின்னோடு நிற்காது. தாளுக்குள் இறங்கிப் பழுப்பு வட்டமாகப் பரவி, கடைசியில் அந்த இடத்தில் தாளே ஓட்டையாகிவிடும். வடகிழக்குப் பருவமழையும், பக்கத்திலேயே கடற்கரையும் உள்ள கடலூர் மாவட்டத்தில் இது தப்பாமல் நடக்கிற விஷயம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்த மாவட்டம் இது. அப்போது தண்ணீர் இறங்கிய பெட்டி என்றால், பக்கங்களில் அலை அலையாகக் கறை இருக்கும். காய்ந்துவிட்டாலும் அந்தத் தாள் பழையபடி தட்டையாகாது.

நம்மூர்க் காயங்கள்

அமெரிக்க அளவுகோலுக்குத் தெரியாத சில காயங்கள் தமிழ் காமிக்ஸுக்கு உண்டு. வாடகை நூலகத்தின் ரப்பர் ஸ்டாம்ப். முதல் பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் பெயர், வகுப்பு, பிரிவு. கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு ஸ்கெட்ச் பேனாவில் தீட்டிய வண்ணம். வில்லனுக்கு மீசை. ராமபாணப் பூச்சி அரித்த துளைகள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய விவாதம் பைண்டிங். பத்துப் பன்னிரண்டு இதழ்களைச் சேர்த்து, ஓரத்தைக் கட்டிங் மெஷினில் வெட்டி, துளை போட்டுத் தைத்து, காலிகோ அட்டை போட்டு வைப்பது ஒரு காலத்தில் பொறுப்பான வீடுகளின் அடையாளம். கறாரான கணக்கில் பார்த்தால் ஓரம் வெட்டுப்பட்டதும் தையல் துளையும் மதிப்பெண்ணைப் பாதாளத்துக்குத் தள்ளும். ஆனால் நிதானமாக யோசித்தால், பைண்ட் செய்யப்பட்டதால்தான் அந்த இதழ்கள் இன்று இருக்கின்றன. உள்ளே தாள்கள் காற்றும் வெளிச்சமும் படாமல் ஆச்சரியப்படும் அளவுக்கு நன்றாக இருக்கும். தனித்தனியாக விற்றால் லாபம் என்று யாராவது சொல்வதைக் கேட்டு அதைப் பிரித்துவிடாதீர்கள். பிரிக்கும்போது முதுகு கிழியும். அதன்பின் அது பைண்ட் வால்யூமும் இல்லை, இதழும் இல்லை. வால்யூமாகவே விலை பேசுவதுதான் நியாயம்.

செலோடேப் ஒட்டிய புத்தகம் இன்னொரு ரகம். கிழிந்ததும் பதறிப்போய் அன்போடு ஒட்டியதுதான். ஆனால் சில வருஷங்களில் டேப் உரிந்துவிட, பசை மட்டும் மஞ்சள் பட்டையாகத் தாளில் ஊறி நிற்கும். கிழிசலைவிடக் கிழிசலுக்குச் செய்த வைத்தியம் அதிக மதிப்பெண்ணைத் தின்னும். இப்போது கிழிந்திருக்கும் புத்தகத்தை அப்படியே விடுவதே மேல். அட்டைக்குக் கலர் அடித்து மறைப்பது, வேறு பிரதியின் அட்டையைக் கொண்டுவந்து சேர்ப்பது எல்லாம் சொல்லிவிட்டுச் செய்தால் சீரமைப்பு. சொல்லாமல் செய்தால் மோசடி. சீரமைத்த புத்தகத்துக்கு சிஜிசி தனியாக ஊதா நிற லேபிளே வைத்திருக்கிறது.

பழுப்புக்கும் நெய்வேலிக்கும் ஒரு சொந்தம்

பக்கங்களின் நிறமும் தரத்தில் சேர்த்தி. வெள்ளை, மங்கல் வெள்ளை, கிரீம், பழுப்பு, கடைசியாக நொறுங்கும் நிலை. மூலையை லேசாக வளைத்தாலே அப்பளம் மாதிரி உடைந்தால், அது படிக்கும் நிலையைக் கடந்துவிட்டது.

ஏன் பழுக்கிறது? நியூஸ்பிரிண்ட் என்பது மரத்தை அரைத்துச் செய்த தாள். மரத்தில் உள்ள லிக்னின் என்ற பொருள் அதில் நீக்கப்படாமல் தங்கியிருக்கும். அது காற்றோடும் வெளிச்சத்தோடும் வினைபுரிந்து நிறம் மாறுகிறது. உண்டாகும் அமிலம் தாளின் நாரை வெட்டுகிறது. மரத்துக்கான லத்தீன் சொல் 'லிக்னம்'. லிக்னின் என்ற பெயர் வந்தது அதிலிருந்துதான். நெய்வேலிச் சுரங்கத்தில் தோண்டி எடுக்கும் லிக்னைட்டுக்கும் பெயர் வந்தது அதே சொல்லிலிருந்துதான். கோடி வருஷங்களுக்கும் முன் புதைந்த மரங்களின் லிக்னின், பழுப்பு நிலக்கரியானதில் பெரும்பங்கு வகிக்கிறது. ஆக, அப்பா சுரங்கத்தில் வெட்டியதும் மகனின் பெட்டியில் பழுத்ததும் ஒரே வம்சம்!

பழுப்பைத் திருப்ப முடியாது, தாமதப்படுத்தலாம். 1977-ல் அமெரிக்காவின் கொலராடோவில் எட்கர் சர்ச் என்பவரின் வீட்டிலிருந்து 18,000-க்கும் மேற்பட்ட பழைய காமிக்ஸ்கள் கிடைத்தன. நாற்பதாண்டு கடந்தும் பக்கங்கள் வெள்ளையாக இருந்தன. குளிர்ந்த வறண்ட காற்று, நெருக்கி அடுக்கியது, இருட்டு. இவ்வளவுதான் ரகசியம். நெய்வேலியில் முதலாவது கிடைக்காது. மற்ற இரண்டும் கிடைக்கும்.

வெளிச்சுவரில் ஒட்டாத பீரோவில், தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். சாதாரண பாலிதீன் பைக்குள் போட்டு இறுக்கிக் கட்டினால் ஈரம் உள்ளேயே வியர்க்கும். பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறையும், பின்னால் அமிலமில்லா அட்டையும் நல்லது. ரப்பர் பேண்ட் கூடாது. பச்சை வேப்பிலையைப் பக்கங்களுக்கு நடுவில் வைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், பூச்சியைவிட அதன் கறைதான் முதலில் வேலையைக் காட்டும். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை நிழலில் காற்றாட விடுங்கள். வெயிலில் அல்ல.

விலை பேசும்போது

மாயாவி கதைகள் மறுபடி மறுபடி அச்சானவை. ஆகவே பெட்டியில் இருப்பது முதல் பதிப்பா, மறுபதிப்பா என்று பாருங்கள். இதழ் எண், மாதம், அச்சிட்ட விலை, பின்னட்டை விளம்பரம் ஆகிய நான்கும் ஒரே காலத்தைச் சொல்ல வேண்டும். 1972 என்று சொல்லப்படும் இதழில் அதற்குப் பிறகு தொடங்கிய இதழின் விளம்பரம் வந்தால் விஷயம் முடிந்தது. கலர் ஜெராக்ஸ் அட்டையை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், பழைய ஆஃப்செட் அச்சுக்கே உரிய புள்ளி வரிசை இருக்காது.

ஆன்லைனில் வாங்குபவர்கள் நான்கு படங்களைக் கேட்டு வாங்க வேண்டும்: முன்னட்டை, பின்னட்டை, முதுகு, நடுப்பக்கத்தில் பின் இருக்கும் இடம். நடுப்பக்கப் படத்தைத் தரத் தயங்கினால் அவசரப்பட்டுப் பணம் அனுப்ப வேண்டாம்.

விற்கும் குடும்பங்கள் மதிப்பெண் போட்டுக் குழம்ப வேண்டியதில்லை. "அட்டை உண்டு, மூலையில் நிறம் உடைந்த மடிப்பு. பக்கங்கள் முழுமை, எண்ணிப் பார்த்தது. பின் லேசான துரு. முதல் பக்கத்தில் பெயர். டேப் இல்லை." இப்படி ஐந்து வரி எழுதி, இருக்கும் குறை எதையும் விடாமல் சொன்னால், பெட்டி முழுவதையும் வாங்கிக்கொள்ள முன்வருபவரும் கிடைப்பார். 'மிண்ட்' என்ற வார்த்தையை மட்டும் தொடாதீர்கள். பரணில் முப்பது வருஷம் இருந்த எதுவும் மிண்ட் இல்லை, பித்தளை அண்டா உட்பட.