மளிகைக் கடையில் மது விற்கலாமா? நீலகிரி சொல்லும் பாடம்

ஒரு காலிப் பாட்டிலுக்கு என்ன விலை?

நீலகிரியில் அதற்கு 10 ரூபாய்!

அங்கே மது வாங்குகிறவர், பாட்டில் விலையோடு 10 ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். குடித்து முடித்தபின் காலிப் பாட்டிலைக் கடையில் கொடுத்தால், அந்த 10 ரூபாய் திரும்பக் கிடைக்கும்.

இந்தத் திட்டம் 2022-ம் ஆண்டு மே 15-ந் தேதி நீலகிரி மாவட்டத்தில் தொடங்கியது. பிறகு மற்ற மலை ஊர்களுக்கும், சமவெளி மாவட்டங்கள் சிலவற்றுக்கும் பரவியது.

இது ஏன் வந்தது? யாருக்காக வந்தது?

யானைக்காக வந்தது!

யானையின் கால்

ஊட்டிக்கும் குன்னூருக்கும் சுற்றுலாவாக வருகிறவர்களில் சிலர், காட்டு ஓரத்தில் வண்டியை நிறுத்திக் குடிப்பார்கள். பாட்டிலைக் காட்டுக்குள் வீசுவார்கள். பாட்டில் பாறையில் பட்டு உடையும்.

இரவில் அந்த வழியே யானை வரும்.

யானை பெரிய பிராணி. ஆனால் அதன் உள்ளங்கால் மெத்தென்று இருக்கும். கண்ணாடித் துண்டு குத்தினால் உள்ளே போய்விடும். புண் சீழ் பிடிக்கும். நடக்க முடியாத யானைக்குத் தீனி ஏது? தண்ணீர் ஏது? சிறிது சிறிதாக மெலிந்து செத்துப் போகும்.

இந்த விஷயம் சென்னை ஐகோர்ட்டுக்குப் போனது. பாட்டில்களைத் திரும்ப வாங்க வழி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் மலையில் மதுக்கடைகளை மூட வேண்டிவரும் என்ற நிலை வந்தது. அதன் பிறகே இந்த 10 ரூபாய்த் திட்டம் பிறந்தது.

பலன் கிடைத்தது. விற்ற பாட்டில்களில் பெரும்பகுதி கடைக்கே திரும்பி வந்தது.

யானைக்கு ஒரு வழி பிறந்தது. நல்லது.

ஆனால் அந்தப் பாட்டிலைக் காலி செய்தவர் வீட்டுக்கு என்ன வழி?

தூரம் நல்லதா, கெட்டதா?

நீலகிரியில் தேயிலைத் தோட்டங்கள் மலைச்சரிவு எங்கும் பரந்து கிடக்கின்றன. தொழிலாளர் குடியிருப்புகள் டவுனை விட்டுத் தள்ளி இருக்கின்றன. அரசாங்க மதுக்கடைக்குப் பலர் பஸ் ஏறித்தான் போகவேண்டும்.

“கடை தூரத்தில் இருப்பதால்தானே கள்ளத்தனமாக விற்கிறார்கள்? உள்ளூர் மளிகைக் கடைக்கே லைசென்சு கொடுத்துவிட்டால் என்ன?” என்று சிலர் கேட்பது உண்டு.

இந்தக் கேள்வியை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. டவுன் கடையில் மொத்தமாக வாங்கி வந்து, மறைவில் வைத்துக் கூடுதல் விலைக்கு விற்கும் ‘சந்துக்கடை’ வியாபாரம் தமிழ்நாட்டில் பல இடங்களில் பிடிபட்டு இருக்கிறது. கள்ளச்சாராயம் அதைவிடக் கொடியது. 2024-ம் ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயம் குடித்து 60-க்கும் அதிகமானவர்கள் இறந்தார்கள்.

அப்படியானால் மளிகைக் கடையில் விற்கலாமா?

இதைச் செய்து பார்த்த நாடுகள் உண்டு. அங்கே என்ன நடந்தது?

இரண்டு நாடுகளின் அனுபவம்

பின்லாந்து ஐரோப்பாவில் உள்ள குளிர் நாடு. அங்கே 1969-ம் ஆண்டு மளிகைக் கடைகளில் பீர் விற்க அனுமதி கொடுத்தார்கள். கிராமங்களிலும் மதுக்கடை திறக்க வழி விட்டார்கள்.

அந்த ஒரே ஆண்டில் மது குடிப்பது 46 சதவீதம் கூடிவிட்டது! அதாவது, முன்பு 100 பாட்டில் குடித்த இடத்தில் 146 பாட்டில்.

பக்கத்து நாடு சுவீடன். அங்கே 1965-ம் ஆண்டு, போதை குறைந்த ஒரு வகை பீரை மளிகைக் கடைகளில் விற்க விட்டார்கள். சிறுவர்களும் இளைஞர்களும் அதைக் குடிக்கப் பழகினார்கள். நாட்டில் கவலை எழுந்தது. 1977-ம் ஆண்டு அந்த பீரை மளிகைக் கடைகளில் இருந்து எடுத்துவிட்டார்கள்.

கை எட்டும் தூரத்தில் மது இருந்தால் குடி வளரும். இந்த இரண்டு நாடுகளும் கண்டது இதுதான்.

நம் நாட்டிலும் ஒரு முயற்சி நடந்தது. 2022-ம் ஆண்டு ஜனவரியில் மராட்டிய மந்திரிசபை ஒரு முடிவு எடுத்தது. ஆயிரம் சதுர அடிக்குக் குறையாத பெரிய கடைகளில், தனி அலமாரி வைத்து ஒயின் விற்கலாம் என்றது. திராட்சை விவசாயிகளுக்கு நன்மை என்று காரணம் சொன்னார்கள். எதிர்ப்பு கிளம்பியது. உண்ணாவிரதம் இருக்கப்போவதாக அன்னா ஹசாரே அறிவித்தார். மக்கள் கருத்தைக் கேட்ட பிறகே மேலே நடப்போம் என்று அரசாங்கம் பின்வாங்கியது.

கணக்கு நோட்டு

நீலகிரியில் இதைச் செய்தால் என்ன ஆகும்? ஒரு தோட்டத் தொழிலாளி வீட்டை நினைத்துப் பார்த்தால் போதும்.

பனியிலும் மழையிலும் கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் பக்கத்து மளிகைக் கடையில் வாங்குவார்கள். கையில் பணம் இல்லாதபோது கணக்கில் எழுதிக்கொள்ளச் சொல்வார்கள். சம்பளம் வந்ததும் கடனை அடைப்பார்கள்.

அரசாங்க மதுக்கடையில் பணம் கொடுத்தால்தான் பாட்டில். அங்கே கணக்கு நோட்டு கிடையாது. மளிகைக் கடையில் உண்டு.

அரிசிக்கும் மதுவுக்கும் ஒரே நோட்டு என்றால்? மனைவி வாங்கிய அரிசிக்குக் கீழே கணவன் குடித்த பாட்டிலும் ஏறும். மாதக் கடைசியில் கடனைக் கட்டுவது யார்? கொழுந்து பறித்தவள்தான்.

இன்னொன்று. மளிகைக் கடைக்குப் பிள்ளைகளைத்தான் அனுப்புவோம். “போய் உப்பு வாங்கி வா” என்போம். உப்புக்குப் பக்கத்தில் மது இருந்தால், நாளைக்கு அதையும் வாங்கி வரச் சொல்லும் தகப்பன் இருக்கமாட்டானா? 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது விற்கக்கூடாது என்பது தமிழ்நாட்டுச் சட்டம். தெரிந்த வீட்டுப் பிள்ளையிடம் சட்டம் பேசும் கடைக்காரர் எத்தனை பேர்?

விற்பவர் யார்?

தமிழ்நாட்டில் தனியார் கடைக்கு மது விற்க லைசென்சு கொடுப்பது புதிய யோசனை அல்ல.

1937-ம் ஆண்டு ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1948-ல் அது மாகாணம் முழுவதும் வந்தது. 1971-ல் தளர்த்தப்பட்டது. 1974-ல் மீண்டும் வந்தது. 1981-ல் மறுபடியும் கடைகள் திறந்தன. தனியார்கள் உரிமம் எடுத்து விற்றார்கள். 2003-ம் ஆண்டு நவம்பரில் சில்லறை விற்பனை முழுவதையும் ‘டாஸ்மாக்’ மூலம் அரசாங்கமே எடுத்துக்கொண்டது.

அதனால் நிலைமை மாறியதா? விற்பவர் மாறினார், விற்பனை குறையவில்லை. மதுவினால் அரசாங்கத்துக்கு 2003-04-ம் ஆண்டில் வந்த வருமானம் சுமார் 3,640 கோடி ரூபாய். 2023-24-ல் வந்தது சுமார் 45,855 கோடி ரூபாய்! விலையும் வரியும் ஏறியது இதற்கு ஒரு காரணம். ஆனாலும், இவ்வளவு பெரிய வருமானத்தை விட எந்த அரசாங்கத்துக்கும் எளிதில் மனம் வராது.

கடை எங்கே இருக்கலாம் என்பதற்கு விதி இருக்கிறது. மாநகராட்சி, நகராட்சிகளில் கோவிலுக்கும் பள்ளிக்கும் 50 மீட்டருக்குள் கடை கூடாது. மற்ற இடங்களில் 100 மீட்டர். ஆனால் அளவு நாடாவுக்குத் தூரம்தான் தெரியும். இருட்டியபின் அந்த வழியே வேலை முடிந்து வரும் பெண்ணின் பயம் தெரியாது.

2017-ம் ஆண்டு இது வெளிப்பட்டது. நெடுஞ்சாலை ஓரக் கடைகளை மூடும்படி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. அந்தக் கடைகளைக் குடியிருப்புகளுக்கு அருகே மாற்ற முயன்றார்கள். ஊர் ஊராகப் பெண்கள் திரண்டு எதிர்த்தார்கள்.

படுத்த பாட்டில்

மராட்டியத்தில் ஒரு வழக்கம் உண்டு. தங்கள் பகுதியில் உள்ள மதுக்கடை வேண்டாம் என்றால், பெண்கள் கையெழுத்துப் போட்டு மனு கொடுக்கலாம். பிறகு ஓட்டெடுப்பு நடக்கும். சின்னம் இரண்டு: நிற்கும் பாட்டில், படுத்த பாட்டில். கடை வேண்டும் என்பவர்கள் நிற்கும் பாட்டிலுக்கும், வேண்டாம் என்பவர்கள் படுத்த பாட்டிலுக்கும் ஓட்டுப் போடுவார்கள். படுத்த பாட்டில் பாதிக்கு மேல் ஓட்டு வாங்கினால் கடைக்குப் பூட்டு!

எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் இந்தச் சின்னம் புரியும்.

தமிழ்நாட்டில் கிராம சபை தீர்மானம் போடுகிறது. பெண்கள் கலெக்டரிடம் மனு கொடுக்கிறார்கள். சில கடைகள் மூடப்படுகின்றன. 2023-ம் ஆண்டில் மட்டும் 500 கடைகள் மூடப்பட்டன. ஆனால் மூடும் முடிவு மேலே இருந்து வருகிறதே தவிர, தெருவில் இருந்து வருவது இல்லை.

காட்டில் வாழும் யானைக்கு மனுக் கொடுக்கத் தெரியாது. அதற்காகக் கோர்ட்டு பேசியது. பாட்டில் திரும்பி வந்தது.

கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குப் பேசத் தெரியும். மலையில் மதுக்கடை எங்கே இருக்கலாம், இருக்கலாமா என்று முடிவு செய்யுமுன், அவளை ஒரு வார்த்தை கேட்கவேண்டும். மாதச் சம்பளத்தில் எவ்வளவு அரிசிக்குப் போகிறது, எவ்வளவு பாட்டிலுக்குப் போகிறது என்ற கணக்கு அவளிடம்தான் இருக்கிறது.